பத்லி நாற்காலி

எங்கள் பஞ்சாயத்து ஆபீஸில் தலைவர் நாற்காலிக்கு மேலே ஒரு பலகை மாட்டியிருக்கிறது. இதுவரை தலைவராக இருந்தவர்கள் பெயரெல்லாம் மஞ்சள் பெயிண்டில் வரிசையாக எழுதியிருக்கும். அந்த நாற்காலியில் ஒரு கோடையில் நானும் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் வந்த மழைக்காலத்திலும் உட்கார்ந்தேன். பலகையில் என் பெயர் இல்லை. பெயிண்டர் பிரஷ்ஷோடு வந்தபோது நான்தான் வேண்டாம் என்றேன். பெருமை இல்லாமல் இல்லை. பெருமை ஜாஸ்தியாக இருந்ததால்தான் வேண்டாம் என்றேன். எப்படி என்று சொல்கிறேன். நான் மெதுவாகத்தான் எழுதுவேன். ஒரு வரி எழுதினால் ஒரு வாய் டீ வேண்டும். அவசரக்காரர்கள் மன்னிக்கணும்.

நான் படித்தது மூன்றாவது வரைக்கும். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பெரிய வார்த்தை வந்தால் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொள்வேன். ஆனால் கைவேலையில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிற மிஷினில் உட்கார்ந்து, கறுப்பு முடியோடு உள்ளே போய் வெள்ளை முடியோடு வெளியே வந்தவள். நான் தைத்த ஷூ எந்தெந்த நாட்டுக் குளிரில் நடந்ததோ எனக்குத் தெரியாது. தையல் பிரிந்து திரும்பி வந்ததாக மட்டும் ஒருநாளும் கேள்விப்பட்டதில்லை.

ரிடையர் ஆனபிறகு சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. எங்கள் தெருவுக்கு வார்டு மெம்பராக நின்றேன். எனக்கு எதிராக நின்றவள் என் நாத்தனார் மருமகள். அவளும் எனக்கே ஓட்டுப் போட்டதாகப் பிற்பாடு சொன்னாள். நம்பிக்கொண்டேன்.

எங்கள் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் வாயில் வைக்க முடியாது. தோல் பதனிடுகிற ஷாப்புகள் வந்தபோது எங்களுக்கு வேலையும் வந்தது, மண்ணுக்குள் உப்பும் வந்தது. அந்த வேலையில்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது. அதனால் ஒரேயடியாகத் திட்டவும் எனக்கு வாய் வராது. குடிக்க நல்ல தண்ணீர் என்றால் ஆற்றங்கரையில் இருக்கிற ஒரே ஒரு போர்வெல்தான். அங்கிருந்து மோட்டார் தள்ளி, டேங்க்கில் ஏறி, தெருக் குழாயில் வரவேண்டும். அந்த மோட்டார்தான் எங்கள் ஊருக்கு நெஞ்சு மாதிரி.

எங்கள் தலைவி என்னைவிட ரொம்பச் சின்னவள். பெண்களுக்கென்று ஒதுக்கிய சீட்டில் நின்று ஜெயித்தவள். மீட்டிங்கில் நான் வாய் திறந்தால் கையில் இருக்கிற போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள். அந்த மரியாதையை அதற்கு முன் எனக்கு யாரும் கொடுத்ததில்லை. பாவம், காமாலை கண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் துக்கம் ஆறுவதற்குள் ஆற்றங்கரை மோட்டார் எரிந்துவிட்டது. அப்போது வெயிலும் ஏறிவிட்டிருந்தது.

புது மோட்டார் வாங்கப் பஞ்சாயத்தில் பணம் இருந்தது. ஆனால் அந்தப் பணத்தை எடுக்க இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் ஒருத்தர், துணைத்தலைவர் ஒருத்தர். தலைவர் இல்லாமல் போனால் அடுத்த தேர்தல் வரைக்கும் துணைத்தலைவர்தான் அந்த வேலையைப் பார்க்க வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். துணைத்தலைவருக்கும் தெரியும். தெரிந்துதான் அந்தத் தப்பைச் செய்தார்.

அவர் என் மகன் வயதுக்காரர். என் கம்பெனியிலேயே தோல் வெட்டுகிற செக்‌ஷனில் இருந்தவர். ஊரில் கட்டிங் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். கோடு போட்ட இடத்தில்தான் கத்தி வைப்பார், அப்படி ஒழுங்கான மனுஷர். எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு ஆளை மேல் வேலைக்குத் தூக்கிப் போட்டால், முதலில் பழைய வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்து, பழைய டோக்கனை ஒப்படைக்க வேண்டும். அப்புறம்தான் புது டோக்கன். ஒரு ஆள் பெயரில் இரண்டு டோக்கன் இருந்தால் கேட்டில் நிறுத்திவிடுவார்கள். மாஸ்டருக்கு அந்த ஒழுங்கு ரத்தத்தில் ஊறிப் போயிருந்தது. தலைவர் வேலையைப் பார்க்கப் போகிறோமே, கையில் துணைத்தலைவர் பதவியையும் வைத்துக்கொண்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று, துணைத்தலைவர் பதவியை ராஜினாமா செய்கிறேன் என்று அழகாக எழுதி, பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தார்.

ஊரே மெச்சியது. பதவி ஆசை இல்லாத மனுஷன் என்றார்கள். நானும் மெச்சினேன். பொய் சொல்வானேன்!

எங்கள் பஞ்சாயத்து கிளார்க், தன் மகளின் பிரசவத்துக்காக அரக்கோணம் போயிருந்தார். திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே, இன்னா காரியம் பண்ணிட்டீங்க! துணைத்தலைவரா இருக்கிறதாலதான் நீங்க தலைவர் வேலையைப் பாக்க முடியும். அதையே எழுதிக் குடுத்துட்டா உங்களுக்கு இன்னா பாத்தியதை?"

"ரெண்டு பதவியை ஒரே ஆள் வெச்சிக்கக் கூடாதேன்னு..." என்றார் மாஸ்டர்.

"ரெண்டு பதவி இல்லண்ணே. பதவி ஒண்ணுதான், வேலைதான் ஜாஸ்தி."

மாஸ்டர் வண்டியை எடுத்துக்கொண்டு யூனியன் ஆபீஸுக்கு ஓடினார். கடிதம் மேலே போய்விட்டது, ஒப்புக்கொண்டதாகத் தகவலும் வந்துவிட்டது, திரும்ப வாங்க வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். புதுத் துணைத்தலைவரை மெம்பர்கள் கூடித் தேர்ந்தெடுக்கலாம்தான். ஆனால் அதற்கும் தேர்தல் ஆபீஸிலிருந்து அறிவிப்பு வரணும். எப்போது வரும் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டிவிட்டார் மாஸ்டர். வெட்டுவதில்தான் அவர் கெட்டிக்காரர் ஆச்சே என்று டீக்கடையில் சிரித்தார்கள். மனுஷர் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். அவர் வெறும் வார்டு மெம்பர் ஆகிவிட்டார். தலைவரும் இல்லை, துணையும் இல்லை, மோட்டாரும் இல்லை.

அப்போதுதான் மெம்பர்கள் கூட்டம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனால் மேஜை மேல் மாலை இருக்கிறது. மாலை வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றால் நான் வருவதற்கு முன்னாலேயே பேசி முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். குடியாத்தத்தில் லுங்கி எடுத்து விற்கிற மெம்பர் ஒருத்தர், வாய் நல்ல நீளம், அவர்தான் ஆரம்பித்தார்.

"பொம்பள சீட்டு. அதனால பொம்பளதான் உக்காரணும். பெரிம்மா, நீங்களே உக்காந்துடுங்க. உங்களைப் பாத்தா ஒருத்தனுக்கும் பொறாமை வராது."

"ஏன் வராது? நான் அவ்ளோ மட்டமாவா இருக்கேன்?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மாலையைப் போட்டார்கள். கையைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சுற்றுகிற நாற்காலி. நான் ஆயுசு முழுக்க முதுகு சாயாத ஸ்டூலில் உட்கார்ந்தவள். சாய்ந்து பார்த்தேன். ஐயோ, என் அம்மா இதைப் பார்க்கவில்லையே என்று இருந்தது. கை தட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் மோட்டார் வாங்குகிற காகிதத்தை முன்னால் வைத்து, தலைவர் என்று அச்சடித்த இடத்தில் விரல் வைத்துக் காட்டினார் லுங்கிக்காரர். பேனாவையும் திறந்து கொடுத்தார்.

பேனா கையில் இருந்தது. என் கம்பெனிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

கம்பெனியில் ஒருத்தர் வராத நாளில் அவர் மிஷினில் உட்காருகிற ஆளைப் பத்லி என்போம். பத்லிக்கு ஆபீஸிலிருந்து சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். இன்றைக்கு இந்த மிஷினில் இன்னார் என்று. என் லைனில் ஒருத்தி, பள்ளிகொண்டாவில் கல்யாணம் என்று போன தோழிக்காக, சீட்டு இல்லாமல் அவள் மிஷினில் உட்கார்ந்தாள். நல்ல எண்ணம்தான். ஊசி விரல் நகத்தில் இறங்கிவிட்டது. அவள் துடிக்கிறாள். வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "நீ யாரு? இந்த மிஷின்ல உன் பேரே இல்லையே?" என்பதுதான். அவள் தைத்த தையல் எல்லாம் நேராகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு அந்த இடத்தில் அவள் இல்லவே இல்லை என்று ஆகிவிட்டது.

நான் பேனாவை மூடி வைத்தேன். "என் சீட்டு எங்கே?" என்றேன்.

"இன்னா சீட்டு பெரிம்மா? அதான் சீட்லயே உக்காந்துட்டீங்களே?"

"பத்லிச் சீட்டு. என்னை இங்க உக்காரச் சொன்னது யாரு?"

"நாங்கதான்."

"நீங்க யாரு? நீங்களும் என்னை மாதிரி மெம்பர். லைன்ல இருக்கிற பொண்ணுங்க எல்லாம் சேந்து ஒருத்தியைச் சூப்பர்வைசர்னு சொன்னா கம்பெனி ஒத்துக்குமா? மாஸ்டர், நீங்க சொல்லுங்க."

மாஸ்டர் தலை குனிந்தபடியே, "ஒத்துக்காது" என்றார்.

எழுந்தேன். மாலையைக் கழற்றிச் சுவரில் இருந்த எங்கள் தலைவி போட்டோவுக்குப் போட்டேன். கிழவிக்குத் திமிர் என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. திமிர்தான். இல்லை என்று சொன்னேனா?

மறுநாள் காலையில் என் வாசலில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நின்றன. குடத்துக்குப் பின்னால் எங்கள் தெருப் பெண்கள்.

"இன்னா ஆயா, உன் கையெழுத்து இன்னா தங்கத்துல பண்ணதா? ஒரு கோடு இழுக்க இம்மாம் பிகுவா?"

"பேர் எழுத வரலன்னா சொல்லு, நான் கையைப் புடிச்சி எழுத வைக்கிறேன். சும்மா பேஜார் பண்ணாத!"

"எழுத வரும்டி," என்றேன். "எங்க எழுதக் கூடாதுன்னும் தெரியும். நான் போடற கையெழுத்து செல்லாதுன்னு நாளைக்கு ஒருத்தன் கேஸ் போட்டான்னா, வந்த மோட்டாரைக் கழட்டிக்கினு போவான். அப்போ எங்க போயி நிப்ப?"

"உனக்கின்னா, உன் வீட்ல தண்ணி இருக்கும்!"

அது மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய் என் குடங்களைக் கவிழ்த்துக் காட்டினேன். ஒரு சொட்டு விழவில்லை. உப்புத் தண்ணீரில் வடித்த சோறு மஞ்சளாகத் தட்டில் இருந்தது. அவள் என் குடங்களை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"திட்டறவ எல்லாம் குடத்தைத் தூக்கினு பஸ் ஏறுங்க," என்றேன். "இதைக் கேக்க வேண்டிய எடம் என் வாசல் இல்ல."

ஏறினோம். கண்டக்டர் காலிக் குடத்துக்கும் டிக்கெட் கேட்பேன் என்று கிண்டல் பண்ணிக்கொண்டே வந்தான். தண்ணியோடு திரும்பி வந்தால் வாங்கிக்கோ என்று ஒருத்தி சொன்னாள். மாஸ்டரும் லுங்கிக்காரரும் பின்னாலேயே வண்டியில் வந்தார்கள்.

யூனியன் ஆபீஸில் பெண் அதிகாரி ஒருத்தர். குடங்களைப் பார்த்ததும், "என்னம்மா, முற்றுகையா?" என்றார்.

"இல்லம்மா, விசாரணை," என்றேன். "பத்லிச் சீட்டு இல்லாம நான் தலைவர் நாற்காலியில உக்காரலாமா, கூடாதா? கூடாதுன்னா சீட்டை நீங்க எழுதிக் குடுங்க."

அவர் எங்களை உட்காரச் சொல்லி, கதை முழுவதையும் கேட்டார். மாஸ்டர் ராஜினாமா செய்த இடத்தில் மட்டும் நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். தலைவரும் துணைத்தலைவரும் இரண்டு பேருமே இல்லாமல் போனால், மெம்பர்களில் ஒருத்தரைத் தலைவர் பொறுப்பைப் பார்க்கும்படி மேலிடம் உத்தரவு போடணும். மெம்பர்கள் மாலை போட்டால் அது மாலைதான், உத்தரவு ஆகாது. அந்த உத்தரவு வருவதற்கு முன்னால் யார் தலைவர் என்று கையெழுத்துப் போட்டாலும் நிற்காது. போட்டவர்தான் நாளைக்குப் பதில் சொல்லணும்.

"அப்போ சீட்டு உங்க கையிலயும் இல்லையா?" என்றேன். அவர் கொடுப்பார் என்றுதான் நினைத்துப் போயிருந்தேன்.

"இல்லம்மா. கலெக்டர்கிட்டேந்து வரணும். எனக்கும் மேல கேட்டாத்தான் கேட் திறக்கும்."

லுங்கிக்காரர் நடுவில் புகுந்தார். "மேடம், பெரிம்மா நல்லவங்கதான். ஆனா படிக்காதவங்க பேரை அனுப்பினா கலெக்டர் ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா?" முதல்நாள் எனக்கு மாலை போட்டவரே இவர்தான்! சீட்டு இல்லாமல் உட்கார நான் தகுதி, சீட்டோடு உட்காரத் தகுதி இல்லையாம்.

"சட்டத்துல படிப்பு கேக்கல சார்," என்றார் அந்த அம்மா. "ஓட்டர் லிஸ்ட்ல பேர் இருக்கணும், வயசு இருக்கணும், மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயிச்சிருக்கணும். மூணுமே அவங்ககிட்ட இருக்கு."

அந்தப் பேச்சை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அந்த ஆபீஸ் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

அன்றைக்கே குடிதண்ணீருக்கு லாரி அனுப்ப ஏற்பாடு செய்தார். மெம்பர்கள் எல்லோரும் கூடி, இன்னார் பொறுப்பைப் பார்க்கட்டும் என்று தீர்மானம் போட்டு அனுப்பினால் கலெக்டர் முடிவு செய்வார் என்றார். அங்கேயே மாஸ்டர் என் பெயரைச் சொன்னார். லுங்கிக்காரரும் கடைசியில் கையைத் தூக்கினார். தூக்காமல் என்ன செய்வார், சுற்றிலும் குடம்.

காத்திருந்த நாட்கள் நல்லா இல்லை. லாரி ஒருநாள் வரும், ஒருநாள் வராது. வந்தால் சண்டை. குடத்தால் ஒருத்தி மண்டையை ஒருத்தி இடித்தாள். ஒவ்வொரு சண்டையிலும் என் பெயர் அடிபட்டது. மோட்டார்க் கடைக்காரரே வீட்டுக்கு வந்து, "இப்ப கையெழுத்துப் போடுங்கம்மா, ஆர்டர் பின்னால வரட்டும், தேதியை மாத்திப் போட்டுக்கலாம்" என்றார். அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். அதுவும் பாக்கெட் மோர்தான். கரைக்கத் தண்ணீர் ஏது?

உத்தரவு வந்தது. கிளார்க் சத்தமாகப் படித்தார். இன்னொருதரம் படிக்கச் சொன்னேன். அந்தக் காகிதத்தில் என் பெயர், என் புருஷன் பெயர், எங்கள் ஊர்ப் பெயர், புதுத் தலைவர் வருகிற வரைக்கும் தலைவர் பொறுப்பை நான் பார்க்கவேண்டும் என்கிற வாசகம், கீழே கையெழுத்து, சீல். கிறிஸ்துமஸுக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். இந்தத் தரம் யாரும் கையைப் பிடித்து உட்கார வைக்கவில்லை. நானே போய் உட்கார்ந்தேன்.

இரண்டாவது கையெழுத்துக்கும் ஒரு மெம்பருக்கு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. நான் மாஸ்டர் பெயரைச் சொன்னேன். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"நான் போட்டா செல்லுமா பெரிம்மா?"

"செல்லும் மாஸ்டர். போட்டுட்டு நேரா வீட்டுக்குப் போங்க. வழியில எங்கியும் எதையும் எழுதிக் குடுத்துடாதீங்க."

அதற்குப் பிறகுதான் மனுஷர் டீக்கடைப் பக்கம் மறுபடியும் போக ஆரம்பித்தார். என் கேலியை அவரே அங்கே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம்.

நான் என் பெயரை எழுதினேன். கீழே 'தலைவர்' என்று இருந்த இடத்துக்கு முன்னால் 'பொறுப்பு' என்று எழுதினேன். அந்த வார்த்தையை வீட்டில் எழுதிப் பழகிக்கொண்டுதான் போயிருந்தேன். மோட்டார் இறங்கியது. தண்ணீர் முதலில் கலங்கலாக வந்தது, அப்புறம் தெளிந்தது. என் வாசலில் வந்து திட்டினவளே குழாயடியில் ஒரு சொம்பு பிடித்து எனக்கு முதலில் நீட்டினாள். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. "குடி ஆயா" என்றாள். குடித்தேன். நல்ல தண்ணீருக்கு ஒரு ருசி உண்டு. எங்கள் பக்கத்து ஆளுக்குத்தான் அது தெரியும்.

நாற்காலியில் இருந்த காலத்தில் தெருவிளக்கு போட்டேன், சாக்கடை வாரினேன், குழாய் ஒழுகினால் அடைத்தேன். ஒருநாள் ஒரு ஆள் பழக்கூடையோடு வந்தார். ஆற்றங்கரை போருக்குப் பக்கத்திலேயே தோல் கழிவு போட்டு வைக்க ஷெட் கட்டப் போகிறாராம், பஞ்சாயத்துச் சம்மதம் வேணுமாம். "இப்ப அதிகாரம் உங்க கையில இருக்குதேம்மா" என்றார்.

"பத்லி ஆள் நூல் மாத்துவா, ஊசி மாத்துவா," என்றேன். "மிஷினையே பேத்து வேற எடத்துல வைக்க மாட்டா. ஓட்டு வாங்கி வர்றவகிட்ட போய்க் கேளு. பழத்தையும் எடுத்துக்கினு போ."

மழை முடிகிற நேரத்தில் இடைத்தேர்தல் வந்தது. பாகாயத்தில் காலேஜ் படித்துவிட்டு எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்த பெண் ஜெயித்தாள். வந்ததும் அந்த ஷெட்டுக்கு முடியாது என்று சொல்லிவிட்டாள் என்பது எனக்குத் தனிச் சந்தோஷம். அவள்தான் பெயிண்டரைக் கூட்டி வந்து, என் பெயரையும் பலகையில் போடணும் என்றாள். நான் விடவில்லை. அந்தப் பலகை ஊர் ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவர்களுக்கு. நான் காகிதத்தால் உட்கார்ந்தவள், அந்தக் காகிதம் என்னிடம் இருக்கிறது, எனக்கு அது போதும் என்றேன்.

அப்புறம் ஆடிட் வந்தது. தலைவி இறந்ததிலிருந்து புதுத் தலைவி வந்தது வரைக்கும் யார் யார் கையெழுத்து, எந்த அதிகாரத்தில் என்று ஆடிட்டுக்கு வந்தவர் ஒவ்வொன்றாகத் தோண்டிக்கொண்டிருந்தார். ஆள் இல்லாத நாற்காலியில் யாராவது ஏறி உட்கார்ந்து கிறுக்கியிருப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. என்னையும் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு மோட்டார் பில்லில் விரலை வைத்தார்.

"இந்தக் கையெழுத்து யாரோடது?"

"என்னுது."

"பொறுப்புன்னு போட்டிருக்கீங்க. உத்தரவு இருக்கா?"

நான் கிளார்க்கை எடுக்க விடவில்லை. என் பையிலிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன். உத்தரவின் தேதியைப் பார்த்தார். பில்லின் தேதியைப் பார்த்தார். மறுபடி உத்தரவைப் பார்த்தார். நான் மேஜையைப் பிடித்துக்கொள்ளாமல் நின்றேன்.

"சரி" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார்.